தங்கை வீட்டுக்கு 4 லட்சம்: கடனா, செய்முறையா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தங்கையின் கணவர் திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடைக்குச் சரக்குப் போட 4 லட்சம் கேட்கிறார், ஒரு வருடத்தில் தந்துவிடுவதாகச் சொல்கிறார். உங்களிடம் வங்கியில் வைப்பாக இருப்பது 6 லட்சம். அதில் பாதி அடுத்த வருடம் மகளைக் கல்லூரியில் சேர்க்க. "கூடப் பிறந்தவளுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறாய்" என்று அம்மா கேட்கிறார். மனைவி வேண்டாம் என்கிறார். ரெண்டு வருடத்துக்கு முன் கைமாற்றாகக் கொடுத்த 50,000-இல் 20,000 இன்னும் வரவில்லை. எழுதி வாங்கினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. "கொடுக்கலாமா" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பணம் வராமல் போனால், தங்கை வீட்டுக்குள் முன்போல உரிமையோடு போய் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்பதுதான் அது.

நான் 33 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பாதிக்கு மேல் கடன் பிரிவில். உசிலம்பட்டி, மேலூர், கடைசியில் சிம்மக்கல் பக்கம் என்று இந்த வட்டாரத்துக்குள்ளேயே இருந்ததால், கடை வைத்திருப்பவர்களின் வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் எப்படிக் கலந்து போகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. முழு நம்பிக்கையோடு நான் கையெழுத்துப் போட்ட சில கடன்கள் வராமலே போயின. தயங்கித் தயங்கிக் கொடுத்தவை ஒரு தவணை தவறாமல் வந்தன. அவர் திருப்பித் தருவாரா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு உண்டு. சட்ட விஷயமும் வங்கி மேசையில் பழகிய அளவுக்குத்தான் தெரியும். வழக்கு வரைக்கும் போகும் நிலை வந்தால் வழக்கறிஞரிடம் காகிதத்தைக் காட்டாமல் எதையும் செய்யாதீர்கள்.

இது கடனா, அல்லது திரும்ப எதிர்பார்க்காமல் உறவுக்குச் செய்யும் செய்முறையா? இதைத்தான் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்று ஒரு சொல் உண்டு. அளவு குறித்து வாங்கி, அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது. ஈகை என்பது வேறு. ரெண்டுக்கும் தனித்தனியாகச் சொல் வைத்திருந்த நாம், இன்றைக்கு வீட்டுக்குள் ரெண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கிறோம். கொடுத்தவர் மனதில் அது கடன். வாங்கியவர் மனதில் அது "அண்ணன் எங்களுக்குச் செய்தது". ரெண்டு பேரும் நல்லவர்களாக இருந்தே இது நடக்கும். உங்கள் 20,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது நிலுவை. தங்கை வீட்டில் அது இன்னும் நினைவில் இருக்கிறதா, அல்லது மருமகனின் பிறந்தநாளுக்கு நீங்கள் செய்ததோடு சேர்ந்துவிட்டதா என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1997-இல் என் பெரியப்பா மகனுக்குக் கிணற்றை ஆழப்படுத்த 40,000 கொடுத்தேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய பணம். எழுதவில்லை, தேதி பேசவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் வாடிப்பட்டியிலிருந்து ரெண்டு மூட்டை அரிசி வீட்டுக்கு வந்தது. அண்ணன் பிரியமாக அனுப்புகிறார் என்று நினைத்துச் சாப்பிட்டோம். அவரோ ஒவ்வொரு மூட்டையையும் கடனில் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆறாம் வருடம் என் பெண்ணின் படிப்புக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அதான் பாதிக்கு மேல் தீர்ந்துபோச்சே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மா இறந்த வீட்டில், காரியம் முடிவதற்குள் அது வெளியில் வந்துவிட்டது. எட்டு வருடம் பேசவில்லை. அவர் மகன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வங்கியில் தினமும் பிறரிடம் கையெழுத்து வாங்கிய நான், வீட்டில் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அதனால், எழுதி வாங்கினால் அசிங்கமா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் தயங்காமல் பதில் சொல்வேன்: இல்லை. உசிலம்பட்டியில் இருந்தபோது காதணி விழா, வசந்த விழா என்று மொய் வாங்கும் விசேஷங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். பந்தல் வாசலில் மேசை போட்டு ஒருவர் எழுதுவார், பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணுவார். ஊர், பெயர், அப்பா பெயர், தொகை. இப்போது கணினியில் பதிந்து ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். அந்த மொய் நோட்டு பீரோவில் நகையோடு பத்திரமாக இருக்கும். எத்தனை வருடம் கழித்து அந்த வீட்டில் விசேஷம் வந்தாலும் எடுத்துப் பார்த்து, அவர்கள் செய்ததற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்வார்கள். "என்னை நம்பாமல் எழுதுகிறாயா" என்று அங்கே யாரும் கேட்டதில்லை. எழுதாமல் விட்டால்தான் கோபம் வரும். 501 ரூபாய்க்கு நோட்டில் ஒரு வரி உண்டு. 4 லட்சத்துக்கு ஒரு காகிதம் எழுதுவது மட்டும் எப்படி அவமானம் ஆகும்? மாப்பிள்ளையிடம் இதையே சொல்லுங்கள். நம் பக்கத்து ஆள், உடனே புரிந்துகொள்வார்.

இனி தொகைக்கு வருகிறேன். 6 லட்சத்தில் 3 லட்சம் உங்கள் மகளுடையது. அதைத் தொட வேண்டாம். ஒரு வருடத்தில் வந்துவிடும் என்ற பேச்சை நம்பிக் கல்லூரிப் பணத்தைக் கொடுத்தால், ஜூன் மாதம் நீங்கள் நிம்மதியில்லாமல் திருமங்கலத்துக்குப் போன் செய்துகொண்டிருப்பீர்கள். மீதி 3 லட்சத்தில், வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவோ வேலையில் ஒரு இடைவெளியோ வந்தால் தாங்குவதற்குப் பாதியாவது வேண்டும். ஆக, உங்களால் உண்மையில் முடிவது ஒன்றரை லட்சம். அந்த ஒன்றரை லட்சமும் திரும்பவில்லை என்றால் தங்கை முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியுமா என்று ஒரு ராத்திரி யோசியுங்கள். முடியாது என்றால் இன்னும் குறையுங்கள். எந்தத் தொகையில் மனம் அடங்குகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

"ஒரு வருடத்தில் தருகிறேன்" என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 லட்சத்தை 12 மாதத்தில் தருவது என்றால் மாதம் 33,000-க்கு மேல். வீட்டுச் செலவு, கடை வாடகை எல்லாம் போக மாதம் 33,000 மிஞ்சும் கடை என்றால், அவர் வெளியில் பணம் தேட வேண்டிய அவசியமே அநேகமாக வந்திருக்காது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கடன் கேட்கும் எல்லோரும் நல்ல மாதத்தை மனதில் வைத்துத்தான் தேதி சொல்வார்கள். வங்கியில் நாங்கள் ஆளின் நாணயத்தைவிட முதலில் பார்த்தது, திருப்பிக் கட்டும் பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான்.

ஹார்டுவேர் கடை என்பதால் இன்னொன்று. சரக்குக்குப் பணம் இல்லை என்று சொல்லும் பல கடைகளில், சரக்கு மேஸ்திரிகளிடமும் வீடு கட்டுபவர்களிடமும் கடனாகப் போய் நிற்கும். பைப்பும் பெயிண்டும் சிமெண்டும் போய்விட்டன, பணம் வரவில்லை. அந்தக் கடையில் நீங்கள் போடும் 4 லட்சமும் அதே வழியில் வெளியில் போய் நிற்கும். அவருடைய பாக்கி நோட்டை ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வெளியில் நிற்பதே நாலைந்து லட்சம் என்றால், அவருக்குத் தேவை உங்கள் பணத்தைவிட, வசூலுக்குக் கூட வந்து நிற்கும் ஒரு ஆள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. சரக்குக்கு என்று கேட்பது உண்மையில் வட்டியை அடைக்கவாக இருக்கலாம். ஊரில் ரெண்டு வட்டி என்பது சாதாரணமாகப் புழங்குகிறது. 100-க்கு மாதம் 2 ரூபாய். 4 லட்சத்துக்கு மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. அதற்கு மேல் வேகமாக ஏறும் ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று போனால் எந்தக் கடையும் தாங்காது. அப்படிப்பட்ட கடன் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அந்த நிலைமையில் பணத்தை மாப்பிள்ளை கையில் கொடுக்காமல், அவரோடு நீங்களே போய்க் கடன் கொடுத்தவரிடம் கட்டி, எழுதிக் கொடுத்த புரோநோட்டையும் நிரப்பாத காசோலைகளையும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். மிரட்டல் இருந்தால், அதிக வட்டி வசூலைத் தடுக்க 2003-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம்.

உங்கள் பணத்துக்கு முன் அவர்களிடம் இருக்கும் வழிகளையும் பார்க்க வேண்டும். தங்கை சம்மதித்தால் அவள் நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து வாங்கும் கடனுக்கு ஊர் ரெண்டு வட்டியில் பாதி அளவுதான் ஆகும். சிறு தொழில்களுக்காக 2015-இல் தொடங்கிய முத்ரா கடன் திட்டத்தில் 50,000 முதல் 5 லட்சம் வரை ஒரு பிரிவு உண்டு, சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். கடைக்குக் கணக்கும் வரவு செலவும் வங்கி வழியாக ஓடியிருந்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். மேலாளரைப் பொறுத்தும் பழைய கடன் வரலாற்றைப் பொறுத்தும் மாறும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "மச்சான், பணம் வேண்டாம், ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று பேச்சு திரும்பலாம். பணம் கொடுப்பதைவிட அது ஆபத்து. ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவரிடம் கேட்டு முடித்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. கையெழுத்துதானே என்று போட்டுவிட்டு, பிறகு சொந்த வீட்டுக் கடனுக்கு வரும்போது தன் பேரில் நிலுவை நிற்பதைப் பார்த்து என் மேசைக்கு எதிரே தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் பலர். கடனாகக் கொடுத்தால் போவது ஒரு தொகை. ஜாமீனில் அசல், வட்டி, அபராதம் என்று அது வளரும்.

அம்மா "கொடு" என்று சொல்வதற்குள் வேறொரு கணக்கு இருக்கலாம். தப்பாக நினைக்காதீர்கள், கேட்டே ஆக வேண்டும்: அப்பா வீட்டில் தங்கைக்குச் சேர வேண்டியதை முடித்துவிட்டீர்களா? நீங்கள் இந்துவாக இருந்து, அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் 2005-க்குப் பிறகு மகளுக்கு மகனோடு சம உரிமை. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காத வீட்டில் நீங்கள் குடியிருக்கிறீர்கள் என்றால், நீங்கள் கடன் என்று நினைப்பதை அவர்கள் வீட்டில் பாகம் என்று பேசிக்கொண்டிருக்கக்கூடும். அப்படி இருந்தால் ரெண்டையும் கலக்காதீர்கள். பாகத்தைத் தனியாக மதிப்புப் போட்டு, பதிவு செய்து முடியுங்கள். நான் பார்த்த அண்ணன் தங்கைச் சண்டைகளில் பாதி, கடன் பெயரில் வந்த பாகச் சண்டைதான்.

உங்கள் மனைவி வேண்டாம் என்பதை, தங்கையைப் பிடிக்காததால் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 6 லட்சத்தில் அவர் சிக்கனமும் இருக்கிறது. அவரிடம் மறைத்துக் கொடுத்த பணம் எப்படியும் ஒருநாள் தெரியவரும். அன்றைக்குப் பிரச்சினை பணத்தைப் பற்றி இருக்காது. அவர் நகையை அடகு வைத்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். அம்மா வீட்டில் போட்ட நகை சட்டப்படியும் அவருடைய சொத்து.

கொடுப்பது என்று முடிவானால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். திருப்பித் தருவதற்கும் அதே எல்லைதான். ஒரு புரோநோட்டு, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் கையெழுத்து, தேதி. ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. கேட்டதும் தர வேண்டும் என்று எழுதிய நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் காலம். அதற்குள் அவர் கொஞ்சம் கட்டி, நோட்டின் பின்னால் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம் ஓடும். பழைய 20,000-ஐயும் விட்டுவிடாதீர்கள். புதுத் தொகையோடு சேர்த்து எழுதுங்கள், அல்லது "அது நான் பிள்ளைக்குச் செய்ததாக இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள். மனதில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

நிரப்பாத காசோலை வாங்கி வைக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். காசோலை திரும்பினால் வரும் வழக்கு குற்ற வழக்கு, ரெண்டு வருடம் வரை சிறைக்கு இடம் உண்டு. தங்கையின் கணவரை அந்தக் கூண்டில் நிறுத்துவீர்களா? மாட்டீர்கள் என்றால் அந்தக் காசோலையை வாங்காதீர்கள். செய்யப் போகாத ஒன்றைக் காட்டிப் பயமுறுத்துவது உறவுக்கு நல்லதில்லை. புரோநோட்டும் வழக்குப் போடுவதற்காக இல்லை, ரெண்டு வீட்டுக்கும் ஒரே நினைவு இருப்பதற்காக.

செய்முறையாகக் கொடுப்பது என்றால் இதெல்லாம் எதுவும் வேண்டாம். தங்கைக்கோ அவள் கணவருக்கோ நீங்கள் தரும் அன்பளிப்புக்கு எவ்வளவாக இருந்தாலும் அவர்களுக்கு வருமான வரி கிடையாது. ஆனால் அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "இது திருப்பித் தர வேண்டாம்மா." 50,000 ரூபாயை இப்படிச் சொல்லிக் கொடுப்பது, 4 லட்சத்தைக் கசப்போடு கடன் கொடுப்பதைவிட அவளுக்குப் பலம்.

எதைச் சொல்வதானாலும் மாப்பிள்ளையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அம்மா மூலமாகவோ தங்கை மூலமாகவோ வேண்டாம். நடுவில் நிற்பவள்தான் அடி வாங்குவாள். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் அது மறுப்பு என்று உங்களுக்குத் தெரியும், தேவையில் இருப்பவருக்கு அது நம்பிக்கை. ஒரு மாதம் உங்களை நம்பி வேறு வழி தேடாமல் இருந்துவிடுவார். "மாப்பிள்ளை, நாலு என்னால் முடியாது. பாப்பா காலேஜ் இருக்கு. ஒன்றரை முடியும், மாதம் 5,000-மாகத் தாங்க, ரெண்டு பேரும் எழுதிக்குவோம்" என்று நாலு வரியில் முடித்துவிடலாம். பொய்க் காரணம் எதுவும் தேவையில்லை. மாதம் 5,000 என்றால் 30 மாதத்தில் முடிந்துவிடும், அவர் கடைக்கும் அது தாங்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போவதுபோல் இல்லாமல், ஒரு வேலை நாளில் மாலை 5 மணிக்கு அவர் கடைக்குப் போய் 8 மணி வரை உட்கார்ந்திருங்கள். கடன் கொடுப்பதற்கு முன் நாங்கள் இப்படித்தான் சொல்லாமல் போய் உட்காருவோம். அலமாரியில் என்ன இருக்கிறது, வருகிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்களா, நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்களா என்று பாருங்கள். இருட்டும் நேரத்தில் சின்ன நோட்டும் பையுமாக, தினமும் தவணை வசூலிக்கும் தண்டல்காரர்கள் பைக்கில் வந்து நிற்கிறார்களா, எத்தனை பேர் என்று பாருங்கள். மூன்று நாலு பேர் வந்தால், பணப் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கடன்களின் முழுப் பட்டியலைக் கேளுங்கள். ஒருவரும் வரவில்லை, கேட்ட சாமான் இல்லாமல் ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என்றால் அவர் சொன்ன காரணம் உண்மைதான். அந்த ஒன்றரை லட்சத்தை மறுநாள் காலையிலேயே அனுப்பிவிடுங்கள்.